ஓடவில்லை என்பது வேறு, ஓட மனமில்லை என்பது வேறு

"கமிட்மென்ட்: 10-க்கு 3."

காத்திவாக்கத்தில் எங்கள் காலனியைச் சேர்ந்த 19 வயதுத் தம்பி ஒருவன் போன வருடம் தன் செல்போனில் இதை எனக்குக் காட்டினான். நகரத்தில் ஒரு கால்பந்து கிளப் நடத்திய செலக்‌ஷனுக்குப் போயிருந்தான். மதிப்பெண் தாளை போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தான். பந்தைக் கட்டுப்படுத்துவதற்கு 7. பாஸ் கொடுப்பதற்கு 7. வேகத்துக்கு 8. கடைசிக் கட்டத்தில் இந்த 3. பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: கடைசி 20 நிமிடம் உழைக்க மனமில்லாமல் ஆடினான் என்று அதற்குப் பொருள். அவனை எடுக்கவில்லை.

"நான் ஓடலண்ணா, சரி. ஆனா எனக்கு மனசு இல்லன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

முந்தைய நாள் இரவு எட்டு மணிக்கு அவன் கன்டெய்னர் யார்டில் ஷிஃப்டில் ஏறினான். காலை ஆறுக்கு முடிந்தது. வீட்டுக்கு ஓடி, பையை எடுத்துக்கொண்டு, காத்திவாக்கம் ஸ்டேஷனில் ரயில் பிடித்து, இறங்கி பஸ் மாறி, எட்டரைக்கு மைதானத்தில் நின்றான். வயிற்றில் ஒரு டீ, இரண்டு பன். முதல் ஒரு மணி நேரம் கிரவுண்டை அளந்து எடுத்தான். பிறகு கால் நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க நின்ற கால் அது. அந்தத் தாளில் வேகத்துக்குக் கட்டம் இருந்தது, பாஸுக்குக் கட்டம் இருந்தது. தூக்கத்துக்குக் கட்டம் இல்லை.

தாளை நிரப்பியவரைத் திட்டிவிட்டு நான் நகர்ந்திருக்கலாம். முடியவில்லை. அதற்கு மூன்று வாரம் முன்னால், எங்கள் ஊர் செவன்ஸ் டோர்னமென்ட்டில், அதே தம்பியை அதே குற்றத்துக்காக வெளியே உட்கார வைத்தவன் நான். "என்னடா, மாப்பிள்ளை மாதிரி நடக்கிற? ஆட இஷ்டம் இல்லன்னா சொல்லிடு" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அன்றைக்கும் அவன் ஷிஃப்ட் முடித்துவிட்டுத்தான் வந்திருந்தான். நான் கேட்கவில்லை. சாதி ஒழிப்பு பேசுகிறவன், முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன், அதே மண்ணில் பந்து உதைத்து வளர்ந்தவன்: எனக்கே கேட்கத் தோன்றவில்லை என்றால், சிக்கல் அந்த கிளப் ஆளிடம் மட்டும் இல்லை. நாம் எல்லாரும் சேர்ந்து பழக்கி வைத்திருக்கிற ஒரு பார்வையில் இருக்கிறது.

அந்தப் பார்வையைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

90 நிமிட ஆட்டத்தில் ஒரு மிட்ஃபீல்டர் ஏறக்குறைய 10, 11 கிலோமீட்டர் தூரம் கடக்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமும்தான். முழு வேகத்தில் ஓடுவது சிறு பங்கு. பந்து அவர் காலில் இருப்பது எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம். அதாவது, மைதானத்தில் இருக்கிற 22 பேரும் பெரும்பாலான நேரம் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அப்படியானால் கேள்வி 'யார் நடக்கிறார்கள்' என்பதல்ல. யாருடைய நடை நம் கண்ணை உறுத்துகிறது என்பதுதான்.

மெஸ்ஸி நடக்கிறார். உலகத்துக்கே தெரியும். 2022-இல் கத்தாரில், 35 வயதில், ஆட்டத்தின் பாதிக்கு மேல் நடந்துகொண்டே உலகக் கோப்பையைத் தூக்கினார். அந்த நடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆட்டத்தைப் படிக்கிறார், இடைவெளியைத் தேடுகிறார், சக்தியைச் சேமிக்கிறார் என்றார்கள். எல்லாம் உண்மை. காத்திவாக்கத்துத் தம்பி நடந்தால் மட்டும் அது சக்தியைச் சேமிப்பதாகாது. சோம்பல் ஆகிவிடும்.

மெஸ்ஸி மேதை, அவரோடு ஒப்பிடலாமா என்பீர்கள். சரி, மெசுத் ஓசிலுக்கு வருவோம். ஜெர்மனியின் நிலக்கரி நகரமான கெல்சன்கிர்ஷனில், துருக்கியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில் பிறந்தவர். 2014-இல் ஜெர்மனிக்காக உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். 2018 உலகக் கோப்பையில் தென்கொரியாவிடம் தோற்று ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. அந்த ஆட்டத்தில் மட்டும் அவர் சக வீரர்களுக்கு 7 கோல் வாய்ப்புகளை உருவாக்கிக் கொடுத்திருந்தார். ஒன்றையும் அவர்கள் கோலாக மாற்றவில்லை. ஆனாலும் பழி விழுந்தது ஓசிலின் தலையில். தோள் தொங்குகிறது, முகத்தில் வேட்கை இல்லை, உடல்மொழி சரியில்லை என்றார்கள். துருக்கி அதிபரோடு அவர் எடுத்துக்கொண்ட படத்தைப் பற்றி அரசியல் விமர்சனம் இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கோபம் வந்து இறங்கிய இடம் அவருடைய தோள். அடுத்த மாதமே இனவெறியைக் காரணம் சொல்லி தேசிய அணியிலிருந்து விலகினார். செய்த வேலை எண்ணிக்கையாகக் கண் முன் இருந்தது. பார்த்தவர்கள் தோளைப் பார்த்தார்கள்.

இது ஓரிருவர் கதை அல்ல. 2020-இல் ரன்ரிபீட் என்ற டென்மார்க் நிறுவனம், இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் சங்கத்தோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டது. இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ் லீக்குகளின் 80 ஆட்டங்களில் ஆங்கில வர்ணனையாளர்கள் ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொன்ன 2,073 கூற்றுகளை எடுத்துப் பிரித்தார்கள். அறிவைப் பாராட்டிய பேச்சில் ஏறக்குறைய 63 விழுக்காடு வெளிர் தோல் கொண்டவர்களுக்குப் போனது. கடின உழைப்பைப் பாராட்டியதில் 60 விழுக்காடு அவர்களுக்கே. கருப்புத் தோல் கொண்டவர்களுக்கு என்ன கிடைத்தது? உடல் வலிமையைப் பற்றிய பேச்சு. அவர்களைக் குறித்து வலிமையைப் பேசும் வாய்ப்பு ஆறு மடங்குக்கும் மேல். வேகத்தைப் பேசும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். ஒருவர் நன்றாக ஆடினால் அது அவர் உழைப்பு. இன்னொருவர் நன்றாக ஆடினால் அது அவர் உடம்பு. உடம்பு பிறப்பில் வந்தது, அதற்காக யாரையும் பாராட்ட வேண்டியதில்லை. பிறப்பை வைத்துத் தகுதியைப் பிரிப்பதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வடசென்னைக்கு வாருங்கள். வியாசர்பாடிக்கு 'மினி பிரேசில்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்திருக்கின்றன. பாராட்டுகிறார்களாம். 'அந்தப் பசங்களுக்கு ரத்தத்துலயே கால்பந்து ஓடுது' என்று ஒவ்வொரு கட்டுரையிலும் ஒரு வரி வரும். ரத்தத்தில் ஓடுகிறதென்றால் பயிற்சி எதற்கு? விடியற்காலை எழுந்து கல்லும் கண்ணாடித் துண்டும் கிடக்கிற கிரவுண்டைக் கூட்டிவிட்டு ஆடியது எந்தக் கணக்கில்? வியாசர்பாடியிலிருந்து போன தனபால் கணேஷ், 2018 மார்ச்சில் ஐஎஸ்எல் அரையிறுதியில் சென்னையின் எஃப்சிக்காக கோவா அணிக்கு எதிராக கோல் அடித்தார். அந்த ஆண்டு சென்னை கோப்பையை வென்றது. அவர் இந்திய அணிக்கும் ஆடினார். அடுத்த சீசன் முழுக்க முழங்கால் காயம் அவரை வெளியே உட்கார வைத்தது. ரத்தத்தில் ஓடுகிற ஆட்டத்துக்கு முழங்கால் கிழியாது தோழர்களே. உழைத்த முழங்கால்தான் கிழியும்.

ஆக, நமக்கு இரண்டே இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஜெயித்தால் பிறவித் திறமை. தோற்றால் பிறவிச் சோம்பேறி. இரண்டிலும் உழைப்பு என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. ஒன்றில் அதைத் திருடிக்கொள்கிறார்கள். மற்றதில் அது இல்லவே இல்லை என்கிறார்கள்.

இதில் சாதி எங்கே வந்தது, அந்த கிளப் ஆள் அவன் சாதியைக் கேட்டாரா என்று ஒரு நண்பர் என்னிடம் மடக்கினார். கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. முகவரியில் காத்திவாக்கம் என்று இருந்தது. பேச்சில் வடசென்னை இருந்தது. காலில் இரவல் பூட்ஸ் இருந்தது. அந்தப் பெரிய மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் ஒரு பையனின் கடைசி 20 நிமிடத்தைப் பார்த்து அவன் மனதைப் படித்துவிட்டதாக நம்பினார். இந்த நம்பிக்கைதான் சாதியின் வேலை. உழைப்பைப் பிரித்துக் கொடுப்பதோடு சாதி நிற்பதில்லை, உழைப்பவர்களையே படிப்படியாக மேல் கீழ் என்று பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936-லேயே விளக்கிவிட்டார். உடல் உழைப்பை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அந்த உழைப்புக்கு மார்க் போடும் வேலையை மறுபக்கம் வைத்துக்கொண்ட சமூகம் இது. தலைமுறை தலைமுறையாக மூட்டை தூக்கியவன் பேரனிடம், மூட்டையே தூக்காதவர் வந்து "உனக்கு உழைப்பு போதாது" என்று சொல்ல முடிவது அதனால்தான்.

சாதி வாய்விட்டே பேசிய நாளும் உண்டு. அது கால்பந்தில் அல்ல, ஹாக்கியில். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் அணி அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் ஆதிக்கச் சாதி ஆட்கள் பட்டாசு வெடித்தார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டார்கள், அதனால்தான் தோற்றோம் என்று கத்தினார்கள் என அந்தக் குடும்பம் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் போட்ட முதல் இந்தியப் பெண் ஆனார் வந்தனா. அந்த மே மாதம் அவர் அப்பா இறந்தபோது பெங்களூரு பயிற்சி முகாமிலிருந்து இறுதிச் சடங்குக்குக்கூட அவரால் போக முடியவில்லை. அர்ப்பணிப்பை அளக்க இதைவிடப் பெரிய படி எங்கே இருக்கிறது? அதற்குக் கிடைத்த பரிசு வாசலில் பட்டாசு.

இப்போது எங்கள் ஊரின் மூச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'ஸ்டாமினா இல்லை' என்பது எங்கள் பையன்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் இன்னொரு தீர்ப்பு. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-களிலிருந்து 2017 வரை எங்கள் தலைக்கு மேல் புகைந்தது. அது மூடிய பிறகும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிகிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து ஆற்று முகத்துவாரத்தைக் கருப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த ராத்திரி ஓடியவர்களில் எங்கள் டோர்னமென்ட்டில் ஆடுகிற பையன்களும் உண்டு. அவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடினார்கள் என்று எந்த வர்ணனையாளரும் சொல்லவில்லை. இந்தக் காற்றை இழுத்துக்கொண்டு 60 நிமிடம் ஓடுகிறவனையும், மரங்கள் சூழ்ந்த அகாடமியில் தங்கி, முட்டையும் பழமும் சாப்பிட்டுவிட்டு 90 நிமிடம் ஓடுகிறவனையும் ஒரே தாளில் வைத்து, முதல்வனுக்கு மனமில்லை என்று எழுதுவதற்குப் பெயர் மதிப்பீடு அல்ல.

அர்ப்பணிப்புக்கு ஒரு பொருளாதாரம் இருக்கிறது. சென்னை லீக்கில் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற அணிகளில் ஆடியவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை இருந்தது. மாதச் சம்பளம் வந்தது. பயிற்சிக்கு நேரம் கிடைத்தது. எங்கள் காலனியில் பெரியவர்கள் அந்த வேலையைத்தான் கனவாகச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைக் கிரவுண்டுக்கு அனுப்பினார்கள். இன்று அந்தப் பையன்களுக்கு முன்னால் இருப்பது கான்ட்ராக்டரும் தினக்கூலியும் நைட் ஷிஃப்ட்டும். நிரந்தர வேலையை எடுத்துவிட்டு, நிரந்தர அர்ப்பணிப்பை மட்டும் கேட்கிறார்கள்.

அப்படியானால் யாரையும் மதிப்பிடவே கூடாதா, கோச் எப்படி அணியைத் தேர்ந்தெடுப்பார் என்ற நியாயமான கேள்வி வரும். 100 பேர் வந்தால் 20 பேரைத்தான் எடுக்க முடியும். எல்லாருடைய கஷ்டத்தையும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆட்டம் நடக்காது. பாவம் பார்த்து எடுக்கச் சொல்கிறாயா என்பார்கள்.

இல்லை. பாவம் பார்க்கச் சொல்லவில்லை. பாவம் பார்ப்பதும் மேலிருந்து கீழே பார்ப்பதுதான். நான் சொல்வது இவ்வளவுதான்: பார்த்ததை எழுதுங்கள், பார்க்காததை எழுதாதீர்கள். "பந்தை இழந்த பிறகு ஆறு முறை திரும்பி ஓடவில்லை" என்று எழுதுங்கள். அது நடந்தது, எண்ணலாம், வீடியோவில் சரிபார்க்கலாம். அந்தப் பையன் மறுக்கலாம், திருத்திக்கொள்ளலாம். "உழைக்க மனமில்லாதவன்" என்று எழுதாதீர்கள். அதை யாரும் பார்க்கவில்லை. அதை அவன் திருத்திக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் அது அவன் செய்ததைப் பற்றியது அல்ல, அவன் யார் என்பதைப் பற்றியது. ஓடவில்லை என்பது தகவல். ஓட மனமில்லை என்பது தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில்தான் சாதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இதைப் படிக்கிற நீங்கள் கால்பந்து ஆடாதவராக இருக்கலாம். ஆனால் இந்தத் தீர்ப்பு உங்களுக்கும் பழக்கமானதுதான். என் ஆய்வின் ஆண்டு மதிப்பீட்டில் ஒருமுறை 'ஈடுபாடு போதவில்லை' என்று எழுதினார்கள். அந்த வருடம் உதவித்தொகை எட்டு மாதம் வரவில்லை. நான் மாலையில் டியூஷன் எடுத்து வாடகை கட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை அத்தியாயம் முடிந்தது என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஈடுபாட்டை எதில் கட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவது?

கடைசியாக நம் பக்கத்து அழுக்கையும் பேசிவிடுவோம். எங்கள் டோர்னமென்ட்டிலேயே மைக் பிடிப்பவர்கள் என்ன பேசுகிறார்கள்? "குப்பத்துப் பசங்க கடல்ல வலை இழுத்தவங்க, மூச்சு நிக்கும். காலனிப் பசங்க அரை மணி நேரத்துல படுத்துடுவாங்க." சிரிக்கிறோம். கை தட்டுகிறோம். ஒருவனுடைய பயிற்சியைக் கடலுக்கும், இன்னொருவனுடைய களைப்பைச் சாதிக்கும் கொடுத்துவிடுகிறோம். பெண் பிள்ளைகள் ஆடினால் இன்னும் மோசம். அவர்கள் வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்ததைப் பற்றிப் பேச்சே கிடையாது. "சும்மா டைம் பாஸுக்கு வர்றாங்க." மேலே இருப்பவன் நம்மை அளக்கிற அதே படியை வாங்கி, நமக்குக் கீழே என்று நாம் நினைக்கிறவர்களை அளக்கிறோம். கிளப்பில் இருக்கிற தாளைக் கிழிக்கச் சொல்வதற்கு முன்னால், நம் மைக்கில் இருக்கிற தாளைக் கிழிக்க வேண்டும்.

கிளப்புகளிடமும் கால்பந்து சங்கங்களிடமும் கேட்க வேண்டியதைக் கேட்போம். தேர்வுத் தாளில் மனதுக்கு மார்க் போடும் கட்டத்தை எடுங்கள். செலக்‌ஷனுக்கு வருகிற பையனுக்கும் பெண்ணுக்கும் முதலில் காலைச் சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் கொடுங்கள். ஒரே காலையில் முடிவு செய்யாமல் குறைந்தது இரண்டு நாள் ஆட விட்டுப் பாருங்கள். எடுக்காதவர்களுக்கு ஏன் எடுக்கவில்லை என்று அவர்கள் மொழியில் எழுதிக் கொடுங்கள். இதில் எதுவும் புரட்சி இல்லை. செலவும் பெரிதில்லை.

இந்த வருடம் எங்கள் டோர்னமென்ட்டில் நான் இரண்டு வேலை செய்தேன். மைக்கில் யாருடைய மனதைப் பற்றியும் பேசக் கூடாது என்று விதி போட்டோம். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கச் சொன்னோம்: ராத்திரி தூங்கினியா, சாப்பிட்டியா? அந்தத் தம்பியிடம் நானே போய்க் கேட்டேன். போன வருடம் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"ஷிஃப்ட் முடிச்சுட்டுதான் வரேண்ணா. முதல் பாதி உட்கார்றேன், ரெண்டாவது பாதி போடுங்க" என்றான்.

போட்டோம். கடைசி 20 நிமிடம் முழுக்க ஓடினான்.